அண்டை வீட்டுச் சிரிப்பு



ஒரு நாட்டாரின் துயரத்தை அண்டை நாட்டார் எளிதில் அறிந்துகொள்வர். வீடிழந்து நிற்பவனின் அழுகை எந்த மொழியில் இருந்தாலும் கேட்பவர் கண்ணும் கலங்கும். சிரிப்பு அத்தகையதன்று. பக்கத்து வீட்டுத் திண்ணையில் நால்வர் கூடி வயிறு குலுங்கச் சிரிக்கிறார்கள். நாம் சன்னலோரம் நின்று கேட்கிறோம். ஒவ்வொரு சொல்லும் காதில் விழுகிறது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்பது மட்டும் விளங்கவில்லை. விளங்காத சிரிப்பைக் கேட்பவன் உள்ளத்தில் உடனே ஓர் ஐயம் எழும்: "நம்மைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்களோ?" இந்த ஐயத்தைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறோம்.

திருவனந்தபுரத்தில் வாழும் தமிழராகிய நமக்கு இவ்வையம் புதியதன்று. சாலைக் கடைத்தெருவிலும், கரமனைத் தெருக்களிலும், வலியசாலையிலும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. நகரிலிருந்து தெற்கே சுமார் 30 கிலோமீட்டர் சென்றால் களியக்காவிளை, அதற்கப்பால் தமிழ்நாடு. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் வரையில் அங்கே மாநில எல்லையும் கிடையாது; குமரிமுனை வரை எல்லாம் இந்நகரத்து ஆட்சிக்கு உட்பட்டதே. 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி தமிழ்நாட்டின் மக்கள் தொகை 7.21 கோடி; கேரளத்தின் மக்கள் தொகை 3.34 கோடி. கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 5 இலட்சம். இருமொழியும் அறிந்து, இருபக்கச் சிரிப்பையும் நாள்தோறும் கேட்டு வாழும் இந்த 5 இலட்சம் பேரின் அனுபவம், மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் பெங்களூருவிலும் வாழும் நேயர்களுக்கும் பயன்படக்கூடும் என்று நம்புகிறோம்.

அயலாரைப் பார்த்துச் சிரிப்பது நமக்கு மட்டும் உரிய வழக்கம் என்று கருத வேண்டுவதில்லை. ஐரோப்பாவில் பிரான்சு நாட்டிற்கு வடக்கே பெல்ஜியம் என்னும் சிறு நாடு உள்ளது. அதன் தென்பகுதியாரும், தலைநகராகிய பிரசெல்ஸ் மக்களிற் பெரும்பாலோரும் பேசுவது பிரெஞ்சு மொழியே. மொழி ஒன்றாக இருப்பதனாலேயே கேலிக்கும் குறைவில்லை. பிரெஞ்சுக்காரர் சொல்லும் கதைகளில் வரும் பெல்ஜியக்காரன் ஓயாமல் பொரித்த உருளைக்கிழங்கைத் தின்பவன். எதையும் சற்றுத் தாமதமாகவே புரிந்துகொள்பவன். கொலூஷ் என்ற புகழ்பெற்ற பிரெஞ்சு நகைச்சுவை நடிகர் 1970-களில் இத்தகைய கதைகளை மேடைதோறும் சொல்லிப் பரப்பினார். பெல்ஜியத்தாரும் வாளா இருந்தாரல்லர். 'விரைவில் செல்வம் சேர்க்க வழி யாது?' என்று தமக்குள் ஒரு வினா எழுப்புவார்கள். 'ஒரு பிரெஞ்சுக்காரனை அவன் பெறும் விலைக்கு வாங்கி, அவன் தனக்குத் தானே மதித்துக்கொண்டிருக்கும் விலைக்கு விற்றுவிடு' என்பது அதற்கு விடை!

இதில் மற்றொரு வேடிக்கையும் உண்டு. 70 என்ற எண்ணைப் பிரெஞ்சுக்காரர் 'அறுபதும் பத்தும்' என்கின்றனர். 90-ஐ 'நான்கு இருபதும் பத்தும்' என்கின்றனர். பெல்ஜியத்தில் இவ்விரண்டிற்கும் தனித்தனியே ஒற்றைச் சொல் வழங்குகின்றது. பாரிஸ் நகரத்தான் அச்சொற்களைக் கேட்டால் புன்னகை புரிவான். கணக்குப் போடும் பள்ளிச் சிறுவனைக் கேட்டால் எந்த வழக்கு நல்லதென்று தயங்காமல் சொல்லுவான்.

நமது கதையும் இதுவே. மலையாளி 'ஊணு கழிஞ்ஞோ?' என்று கேட்டால், தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்தவருக்குச் சிரிப்பு வருகிறது. ஊண் என்பது பழந்தமிழ்ச் சொல். நாம் அதனை நூல்களுக்குள் வைத்துப் பூட்டிவிட்டோம். அவர்கள் நாள்தோறும் இலையில் பரிமாறுகிறார்கள். 'பறைதல்' என்றால் சொல்லுதல் என்று நம் அகராதிகள் கூறுகின்றன. நம்முள் பெரும்பாலோர் அதனை மறந்துவிட்டோம். 'பறைஞ்ஞு' என்று கேட்டு நகைக்கும் தமிழன், தன் பாட்டனாரின் பேச்சைக் கேட்டே நகைக்கிறான்.

சொல் ஒன்றாயிருந்து பொருள் வேறாகும்போது வேடிக்கை இன்னும் பெருகும். தாகத்துடன் வந்த விருந்தினரிடம் 'வெள்ளம் வேணோ?' என்று இங்கே கேட்பார்கள். தண்ணீர் வேண்டுமா என்பது பொருள். நம் காதில் ஊரே மூழ்கும் வெள்ளம் பாய்கிறது. 'பட்டி' என்பது மலையாளத்தில் நாயின் பெயர். கோவில்பட்டி, உசிலம்பட்டி என்று நம் ஊர்ப் பெயர்களைக் கேட்கும் மலையாளச் சிறுவன் விழுந்து விழுந்து சிரிப்பதில் வியப்பில்லை. 'சம்சாரம்' என்றால் அவர்களுக்குப் பேச்சு, நமக்கு மனையாள். ஒருமுறை அலுவலகக் கூட்டமொன்றில் நாம் சில சொற்கள் பேசி அமர்ந்தோம். மலையாள நண்பர் ஒருவர் கையைப் பற்றி, 'சாரின் சம்சாரம் வளரெ நன்னாயி' என்று பாராட்டினார். திருச்சியிலிருந்து அந்த வாரந்தான் மாற்றலாகி வந்திருந்த அலுவலர் ஒருவர் அருகில் இருந்தார். அன்று மாலை வரையில் அவர் நம்மை இரக்கத்தோடு பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

நகைச்சுவைத் துணுக்கிற்கு மலையாளத்தில் வழங்கும் பெயர்களுள் ஒன்று 'பலிதம்'. தமிழில் பலித்தல் என்றால் கைகூடுதல். எண்ணிப் பார்த்தால் இரண்டும் பொருந்தி வருகின்றன. சொன்னவன் வாயில் பிறந்தாலும், கேட்பவன் செவியில் பலித்தால்தான் அது பலிதம்.

எனில், அயலான் செவியில் எந்தச் சிரிப்புப் பலிக்கும், எது புண்படுத்தும்? இதற்கு நம் தொல்காப்பியமே ஒரு வழி காட்டுகின்றது. மெய்ப்பாட்டியலில் நகை பிறக்கும் நிலைக்களங்கள் நான்கு கூறப்படுகின்றன. அவற்றுள் முதலில் நிற்பது எள்ளல். அதற்கு உரை வகுத்த பேராசிரியர் எள்ளலை இரு கூறாக்குகிறார்: தான் பிறரை எள்ளி நகுதல் ஒன்று; பிறர் தன்னை எள்ளியவிடத்துத் தான் நகுதல் மற்றொன்று. முதல் வகைச் சிரிப்பு எவர்க்கும் எளிது. இரண்டாம் வகை அரியது. அண்டை அயலாரின் உறவு இந்த இரண்டாம் வகையைக் கொண்டே நிலைபெறுகின்றது என்பது நமது கருத்து.

கேரளத்தின் கோயிற் கூத்தம்பலங்களில் சாக்கியார் கூத்து என்னும் பழங்கலை இன்றும் நிகழ்கின்றது. புராணக் கதையைக் கூறிக்கொண்டே வரும் சாக்கியார், அவையில் அமர்ந்திருப்போர் எவரையும் எள்ளலாம். அரசனும் அதற்கு விலக்கல்லன். எள்ளப்பட்டவர் மறுமொழி கூறலாகாது என்பது மரபு. இந்தக் கலைஞர் மரபு நமக்கு அயலானதுமன்று. சேரன் செங்குட்டுவன் முன்னிலையில் பறையூர்ச் சாக்கையன் ஒருவன் கூத்தாடிய செய்தியைச் சிலப்பதிகாரத்தில் காண்கிறோம்.

சாக்கியாருக்குப் பின்னால் அமர்ந்து மிழாவு என்னும் முழவைக் கொட்டுபவர் நம்பியார். 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த குஞ்சன் நம்பியார் ஒருநாள் கொட்டும்போது கண்ணயர்ந்துவிட்டார் என்றும், சாக்கியார் அவையறிய அவரை எள்ளினார் என்றும், மறுநாளே அம்பலப்புழைக் கோயிலில் நம்பியார் துள்ளல் என்னும் புதிய கலையைப் படைத்து ஆட, கூட்டமெல்லாம் அவர் பக்கம் திரண்டது என்றும் ஒரு மரபுக் கதை வழங்குகின்றது. எள்ளப்பட்டவர் கல்லெடுக்கவில்லை; ஒரு கலையை எடுத்தார்.

அந்தத் துள்ளற் பாட்டுகளில் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய பட்டர்களின் சாப்பாட்டு ஆசையும் பணத்தாசையும் நன்றாக வாட்டப்படுகின்றன. ஆயினும் இந்நகரத்துத் தமிழ் அந்தணர் வீடுகளில் நம்பியாரை வெறுப்பவரை நாம் கண்டதில்லை. அவர் பாடலைச் சுவைத்துச் சொல்லுவோரையே கண்டிருக்கிறோம். காரணம் எளிது. நம்பியாரின் பந்தியில் பட்டருக்கு மட்டும் இலை போடப்படவில்லை. நாயர் வீரர், நம்பூதிரிகள், வைத்தியர், அரண்மனைச் சேவகர், ஏன், வானுலகத்துத் தேவர்களும் அதே வரிசையில் அமர்த்தப்பட்டனர். எல்லோருக்கும் பரிமாறப்படும் கசப்பை எவரும் மனமுவந்து உண்பர்.

இனித் தமிழ்ப் பக்கம் வருவோம். தேரூரில் 1876-இல் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இதே திருவனந்தபுரத்தில் மகளிர் கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றியவர். அவர் இயற்றிய 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' தமிழில் தோன்றிய சிறந்த அங்கத நூல்களுள் ஒன்று. சொத்து மகனுக்குச் செல்லாமல் மருமகனுக்குச் செல்லும் முறை அக்காலத்தில் மலையாள நாயர்களிடமும் நாஞ்சில் நாட்டு வேளாளர்களிடமும் ஒருங்கே நிலவியது. காரணவர் ஒருவரின் ஐந்தாம் மனைவி தன் துயரத்தைத் தானே சொல்லுவதாக அந்நூல் அமைந்துள்ளது. படிக்குந்தோறும் சிரிப்பு வரும். சிரித்து முடித்த பின் நெஞ்சு கனக்கும்.

கவிமணி நினைத்திருந்தால், 'இது மலையாளத்தார் நமக்குத் தந்த கேடு' என்று எழுதி, பழியையெல்லாம் அயலார் தலையில் ஏற்றியிருக்கலாம். அவர் தம் இனத்தாரின் முற்றத்திலேயே விளக்கை வைத்தார். அக்காலத்தில் எழுந்த சீர்திருத்தக் கிளர்ச்சிக்கு அந்நூல் துணை நின்றது. 1925-இல் நாயர்களுக்கும் 1926-இல் நாஞ்சில் நாட்டு வேளாளருக்கும் திருவிதாங்கூரில் சட்டங்கள் பிறந்தன. இரண்டு வீட்டாரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் தத்தம் வீட்டைப் பெருக்கிக்கொண்டனர்.

அதே நிலத்தில், நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்தவர் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன். பிறப்பால் அவரும் திருவிதாங்கூர்க் குடிமகனே. வில்லுப்பாட்டின் மெருகைத் திரைக்குக் கொண்டுவந்து, சிரிக்கவும் சிந்திக்கவும் வைத்தவர் என்று தமிழகம் அவரைப் போற்றுகின்றது. அவர் காலத்தில் மலையாளத்தில் நகைச்சுவை மன்னராக விளங்கியவர் வழக்கறிஞர் ஈ. வி. கிருஷ்ணபிள்ளை. அவருடைய புகழ்பெற்ற நூலின் பெயர் 'சிரியும் சிந்தயும்'. சிரிப்பும் சிந்தனையும் என்பதே அதன் பொருள். இரு மொழியாரும் தம் நகைச்சுவைக் கலைஞரைப் பாராட்டத் தேர்ந்த சொற்கள் ஒன்றாக அமைந்தது காண்க.

இவ்வளவு நெருக்கம் இருந்தும் புண்படுத்தும் சிரிப்பும் வளர்ந்தது என்பதை மறைப்பதற்கில்லை. நெடுங்காலம் மலையாளத் திரைப்படங்கள் பலவற்றில் வரும் தமிழன் எண்ணெய் வழியும் தலையோடும் அழுக்கு வேட்டியோடும் வருவான். ஒன்று முட்டாள், அன்றேல் திருடன். தமிழ்த் திரைப்படங்கள் பலவற்றில் மலையாளி என்றால் தேநீர்க் கடை நாயர்; மலையாளப் பெண் என்றால் கண்சிமிட்டிப் பேசப்படும் பொருள். பெல்ஜியக்காரனாக நடிக்கும் பிரெஞ்சு நடிகன் வாக்கியத்திற்கு வாக்கியம் 'ஒருமுறை' என்று பொருள்படும் ஒரு சொல்லைத் தேவையின்றிச் சேர்ப்பானாம். நம் நடிகர்கள் மூச்சுக்கு மூச்சு 'எந்தா சாரே' என்பதும், அவர்கள் 'ஐயோ அண்ணாச்சி' என்பதும் அதே கதைதான். உண்மையான மனிதன் மறைந்து இரண்டு சொற்கள் மட்டும் எஞ்சி நிற்கின்றன.

'பாண்டி' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். பாண்டிய நாட்டான் என்பதே அதன் பொருள். திருச்சூர்ப் பூரத்தில் இலஞ்சித்தறையில் முழங்கும் புகழ்பெற்ற மேளம் பாண்டி மேளமே. பல்லாயிரவர் கைகளை உயர்த்தி அதனை அனுபவிக்கின்றனர். அதே சொல்லைத் தெருவில் ஒருவன் உதட்டைச் சுழித்துச் சொல்லும்போது அது வசையாகிவிடுகிறது. சொல்லின்மேல் குற்றமில்லை, சொல்லும் குரல்தான் அதற்கு நஞ்சையும் தேனையும் தருகின்றது.

எல்லையில் வாழ்பவன் நிலை இன்னும் இரங்கத்தக்கது. நாகர்கோவில் தமிழில் மலையாள வாடை வீசுகிறது என்று சென்னையில் சிரிப்பார்கள். திருவனந்தபுரத்து மலையாளத்தில் தமிழ் வாடை வீசுகிறது என்று வடகேரளத்தார் சிரிப்பார்கள். 2005-இல் வெளிவந்த 'ராஜமாணிக்யம்' என்ற மலையாளப் படத்தில் கதாநாயகராகிய மம்முட்டியே திருவனந்தபுரத்துக் கொச்சையில் பேசி நடித்தார். கேரளம் முழுவதும் சிரித்தது. கதாநாயகனே பேசினமையால் அந்தப் பேச்சிற்கு ஒரு மதிப்பும் கிடைத்தது. வேலைக்காரன் வாயில் மட்டும் வைக்கப்பட்ட வட்டார வழக்கைத் தலைவன் வாயிலும் வைத்தால் கேட்பவர் காது மாறுகிறது.

அயலானைப் பார்த்துச் சிரிக்காமல், அயலானைக் கண்ணாடியாக நிறுத்தித் தன்னைப் பார்த்துச் சிரித்த படைப்புகள் இரண்டினை இங்கே நினைக்கத் தோன்றுகிறது. ஒன்று தமிழில் பிறந்தது, மற்றொன்று மலையாளத்தில். நாகர்கோவிலில் வாழ்ந்து, தகழியின் 'செம்மீன்' நாவலைத் தமிழாக்கித் தந்த சுந்தர ராமசாமி, 1981-இல் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' என்னும் நாவலை வெளியிட்டார். அதன் நாயகன் ஜோசப் ஜேம்ஸ் என்ற ஒரு கற்பனை மலையாள எழுத்தாளன். அவனைப் பற்றிய குறிப்புகளாக விரியும் அந்நூலில் கூர்மையான கேலிக்கு உள்ளாவது தமிழ் இலக்கிய உலகமே.

மற்றொன்று 1987-இல் வந்த 'நாடோடிக்காற்று' என்ற படம். சீனிவாசன் திரைக்கதை எழுத, சத்யன் அந்திக்காடு இயக்கியது. தாசன், விஜயன் என்னும் வேலையற்ற இளைஞர் இருவர் துபாய்க்குப் போகும் ஆசையில் ஒருவனிடம் பணத்தைக் கொடுத்துப் படகேறுகிறார்கள். கரையில் இறங்கி அராபியர் உடையும் அணிந்துகொள்கிறார்கள். சற்று நடந்ததும் தமிழ் எழுத்துப் பலகைகள் தென்படுகின்றன. வந்து சேர்ந்த இடம் சென்னைக் கடற்கரை! வளைகுடா நாட்டு ஆசை கேரளத்தை ஆட்டி வைத்த காலம் அது. அந்த ஆசைக்கு முன்பு, தலைமுறைகளாக அவர்கள் பிழைப்புத் தேடி வந்த நகரம் சென்னை. படத்தில் சிரிப்புக்கு இடமாவது சென்னை நகரமன்று. அதனைத் துபாய் என்று நம்பிய தம் இளைஞர்களின் கனவே. தமிழர் இப்படத்தைப் பார்த்து மனம் நோவதற்கு ஏதும் இல்லை. அடுத்த ஆண்டே 'கதாநாயகன்' என்ற பெயரில் அது தமிழிலும் எடுக்கப்பட்டது.

மொழிபெயர்ப்பாளராகிய நமக்கு நகைச்சுவையைப் போல் தொல்லை தரும் சரக்கு வேறில்லை. சட்டத்தை மொழிபெயர்க்கலாம், சுற்றறிக்கையை மொழிபெயர்க்கலாம், சிரிப்பைப் பல வேளைகளில் வேரோடு பெயர்த்து வேறு மண்ணில் நட வேண்டியிருக்கிறது. இயக்குநர் சித்திக் 1999-இல் மலையாளத்தில் எடுத்த 'ஃபிரண்ட்ஸ்' படத்தை 2001-இல் தமிழிலும் எடுத்தார். மலையாளத்தில் திருவனந்தபுரத்துக்காரராகிய ஜகதி ஸ்ரீகுமார் நடித்த வேடத்தைத் தமிழில் வடிவேலு ஏற்று, 'நேசமணி' ஆனார். குமரி மாவட்டத்தில் பெரிதும் வழங்கும் பெயர் அது. 2019-இல் அந்த நேசமணி உலகெங்கும் பேசப்பட்டதை நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரே கதை, ஒரே இயக்குநர். ஆயினும் இரு கலைஞரும் தத்தம் மண்ணின் உடலசைவையும் குரலையும் கொண்டே சிரிப்பை எழுப்பினர்.

சில வேளைகளில் பெயர்த்து நட வேண்டிய தேவையே நேர்வதில்லை. வைக்கம் முகம்மது பஷீர் 1951-இல் ஒரு நாவல் வெளியிட்டார். தன் பாட்டனாருக்கு ஓர் ஆனை இருந்தது என்னும் குடும்பப் பெருமையே அதன் பெயர். நொடித்துப்போன குடும்பத்துத் தாய் அந்த ஆனையைச் சொல்லிச் சொல்லியே நாட்களைக் கழிக்கிறாள். இறுதியில் தெருப் பிள்ளைகள் அது 'குழியானை' என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். மணலில் குழி பறித்து எறும்புக்குக் காத்திருக்கும் சிறு பூச்சிக்கு மலையாளத்திலும் அதுவே பெயர். தமிழிலும் அதுவே பெயர். ஆங்கிலத்தில் அதனைச் சிங்கமாக்கிவிட்டார்கள். அங்கே பஷீரின் ஆனை நுழையாது. தமிழில் ஓர் எழுத்தும் மாறாமல் நுழைகிறது. பழம்பெருமை பேசிப் பொழுது போக்குவோர் நம்மிடமும் உளராதலின், அந்தச் சிரிப்பு நம்மையும் சேர்த்தே பிடித்துக்கொள்கிறது.

இதனோடு ஒப்பிடத்தக்க பெல்ஜிய நாடகம் ஒன்று உண்டு. 'பெலமான்ஸ் செல்வியின் திருமணம்' என்ற அந்நாடகம் 1910-இல் பிரசெல்ஸில் அரங்கேறியது. பீர் வணிகர் ஒருவர் வீட்டிற்குத் தொழில் பழக வந்த பாரிஸ் இளைஞன் அவர் மகளைக் காதலிக்கும் கதை. அதே ஆண்டு பாரிசிலும் அது வெற்றி பெற்றது. பிரசெல்ஸ் வணிகரின் பேச்சைக் கேட்டுப் பாரிஸ் மக்கள் சிரித்தனர். அதே மேடையில் பாரிஸ் இளைஞனின் நறுக்கான பேச்சும் கேலிக்கு உள்ளானதைக் கண்டு தம்மை நினைத்தும் சிரித்தனர். பின்னாளில் பிரெஞ்சு நாடகாசிரியர் மார்செல் பஞ்ஞோல் தம் ஊராகிய மார்சேயின் பேச்சு வழக்கைத் துணிந்து மேடையேற்றி 'மாரியுஸ்' நாடகத்தை எழுதினார். அதற்குத் தூண்டுதல் இந்தப் பெல்ஜிய நாடகமே என்று அவரே எழுதியிருக்கிறார்.

இப்போது நேயர்களாகிய உங்கள் ஊர்களுக்கு வருவோம். விந்திய மலையைத் தாண்டிவிட்டால் தமிழனுக்கும் மலையாளிக்கும் இருந்த வேறுபாடெல்லாம் மறைந்து, இருவரும் 'மதராசி' ஆகிவிடுகிறோம். 1968-இல் வந்த 'படோசன்' என்ற இந்திப் படத்தில் மெஹ்மூத் நடித்த மாஸ்டர் பிள்ளை என்னும் இசையாசிரியரைப் பார்த்து வடநாடே சிரித்தது. அத்தகைய சிரிப்பின் நடுவே நிற்கும்போதுதான், இங்கே ஒருவரையொருவர் கேலி செய்துகொண்ட இருவரும் அங்கே ஒரே பெஞ்சில் நெருங்கி உட்காருகிறோம். தில்லியில் பணியாற்றித் திரும்பியோர் பலர் இதனைச் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

பெரியவர்கள் சிரித்துத் தாங்கிக்கொள்வார்கள். பிள்ளைகள்? இந்நகரத்துப் பேருந்துகளில் ஒரு காட்சியை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். பள்ளிச் சீருடை அணிந்த குழந்தை தாயின் காதருகே குனிந்து, 'அம்மா, இங்கே தமிழில் பேசாதே' என்று முணுமுணுக்கிறது. தாயும் பேச்சைக் குறைத்துக்கொள்கிறாள். பிறகு தெருவில் குறைகிறது. பிறகு வீட்டிலும் குறைகிறது. சென்னையில் வாழும் மலையாளக் குழந்தைக்கும் இது நேரலாம். புணேயிலும் அகமதாபாத்திலும் வாழும் உங்கள் குழந்தைக்கும் நேரலாம். ஒரு மொழி ஒரு வீட்டை விட்டு வெளியேற அரசாணை வேண்டுவதில்லை. வகுப்பறையில் எழும் ஒரு சிரிப்பே போதும். ஆதலின்தான் இப்பொருளை விளையாட்டாக விட்டுவிட நமக்கு மனம் இசையவில்லை.

அக்குழந்தைக்கு நாம் தரக்கூடிய கவசம் கோபமன்று. தன் மொழியிலும் அயல்மொழியிலும் ஒருங்கே பெற்ற தேர்ச்சியே. நம் தெருவில் வாழும் பதினொரு வயதுச் சிறுவன் ஒருவனின் பூர்வீகம் கோவில்பட்டி. 'உன் ஊரே பட்டியாமே!' என்று வகுப்புத் தோழர்கள் சூழ்ந்துகொண்டு சிரித்தார்களாம். அவன் நல்ல மலையாளத்தில் சொன்னான்: 'ஆமாம், அந்தப் பட்டியிலிருந்து வந்த கடலைமிட்டாயைத்தான் நேற்று நீங்கள் நால்வரும் தின்றீர்கள். எவனாவது குரைத்தானா?' அன்று முதல் அவனிடம் எவரும் ஊர்ப் பெயரைக் கேட்பதில்லை, கடலைமிட்டாயைத்தான் கேட்கிறார்கள்.

காலமும் சற்றே மாறிவருகின்றது. 2015-இல் வந்த 'பிரேமம்' என்ற மலையாளப் படம் தமிழாக்கம் செய்யப்படாமலேயே சென்னையில் 200 நாட்களுக்கு மேல் ஓடியது. அதில் வரும் மலர் என்னும் ஆசிரியை தமிழ்ப் பெண், தமிழிலேயே பேசுகிறாள். அவள் மொழியை எவரும் அங்கே கேலிப்பொருளாக்கவில்லை. கேரளத்து இளைஞர் அவள் பேச்சைக் கேட்டு மயங்கினர். தமிழ்நாட்டு இளைஞர் அந்தப் படத்தின் மலையாளத்தைக் கேட்டு மகிழ்ந்தனர்.

நிறைவாக, இரு நாட்டிலும் வழங்கும் பழைய வேடிக்கைக் கதை ஒன்றைச் சொல்லி விடைபெறுகிறோம். 1969-ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஆம்ஸ்ட்ராங் சந்திரனில் கால் வைத்தார். அங்கே ஏற்கெனவே ஒரு நாயர் தேநீர்க் கடை வைத்து, 'சாயா எடுக்கட்டே?' என்று கேட்டாராம். உலகின் எம்மூலைக்குச் சென்றாலும் மலையாளி முன்னரே அங்கிருப்பான் என்று தமிழர் சொல்லிச் சிரிக்கும் கதை இது. மலையாளிகள் இதனை நம்மைவிட நயமாகச் சொல்லுவார்கள். தில்லியில் பலகாலம் இருந்து திரும்பிய மலையாள நண்பர் ஒருவரிடம் நாம் இக்கதையைச் சொன்னபோது, 'நீங்கள் பாதிக் கதையைத்தான் கேட்டிருக்கிறீர்கள்' என்றார். அந்தக் கடையின் ஓரத்துப் பெஞ்சில் ஒரு தமிழர் அமர்ந்திருந்தாராம். ஆம்ஸ்ட்ராங்கைக் கண்டதும் நிமிர்ந்து, 'வாருங்கள் ஐயா, இங்கே எல்லாம் வசதிதான். ஒரு நல்ல டிகாக்‌ஷன் காப்பிக்குத்தான் வழியில்லை' என்றாராம்.